கணினி கேள்வி–பதில்: பழைய பதிப்புக்கு எத்தனை காலம் காவல்?

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்களின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பழைய பதிப்பு என்றாலே ஆபத்துதானா என்ற கவலை ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் தெரிகிறது. பதிப்பின் வயதைவிட, அதை இன்று யார் பராமரிக்கிறார்கள், எந்தத் தேதி வரை பராமரிக்கப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை மனத்தில் வைத்தே இம்முறை பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் படகு வாரியான கொள்முதல், குளிர்கிடங்கு இருப்பு, சம்பளக் கணக்கு எல்லாமே உபுண்டு 18.04 நிறுவிய ஒரே சர்வரில் இருக்கின்றன. இதுவரை ஒரு நாளும் அது தகராறு செய்ததில்லை. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ் பொறியாளர், உடனே மாற்றியாக வேண்டும் என்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்காக மாற்ற வேண்டும்?
— ஒரு கணக்காளர், மண்டபம்

பதில்: நன்றாக ஓடுகிறது என்பதை வைத்துப் பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில், நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளியாகிறது. அதற்குக் கட்டணமின்றி 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உங்கள் 18.04-க்கு அந்தக் காலம் 2023 மே 31 அன்று முடிந்துவிட்டது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் புதிய பதிப்புகளில் அடைக்கப்பட்டன. உங்கள் சர்வரில் அப்படியே இருக்கின்றன. திறமூல மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படுவதால், புதிய பதிப்பில் எந்த வரி மாற்றப்பட்டது என்பதைப் பார்த்தே பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைத் தீய எண்ணம் கொண்டவர் தெரிந்துகொள்ள முடியும். ஆதரவு முடிந்த பதிப்பு ஒவ்வொரு மாதமும் முன்னைவிட ஆபத்தாவதற்கு இதுவே காரணம். உங்கள் இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை என்றாலும் அதைப் பற்றி வெளியில் தெரிந்தவை கூடிக்கொண்டே போகின்றன.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உபுண்டு ப்ரோ என்ற சந்தா. தனிப்பட்ட பயனுக்கும் சிறிய அளவிலான வணிகப் பயனுக்கும் 5 கணினிகள் வரை அது இலவசம். கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவர்கள் தரும் குறியீட்டைச் சர்வரில் பதிந்தால் போதும். அதன் மூலம் 18.04-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் பத்து ஆண்டுக் கணக்கில் 2028 வரை வரும். இன்று மாலையே இதைச் செய்துவிடலாம் என்பதால், எதை முடிவு செய்வதற்கு முன்பும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

இரண்டாவது வழி, பதிப்பையே உயர்த்துவது. 18.04-இலிருந்து 24.04-க்கு ஒரே தாவலில் போக முடியாது, 20.04, 22.04 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 20.04-இல் இளைப்பாறி நின்றுவிடாதீர்கள். அதன் இலவச ஆதரவும் 2025 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. உங்கள் கணக்கு மென்பொருள் பைத்தான் 2 என்ற பழைய நிரல் மொழியில் எழுதப்பட்டதா என்று அதை எழுதிக் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள். பைத்தான் 2-க்கு அதை உருவாக்கியவர்களின் ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. புதிய உபுண்டு பதிப்புகளில் அது தானாக நிறுவப்பட்டு வருவதில்லை. பதிப்பை உயர்த்திய மறுநாள் காலையில் கணக்கு திறக்கவில்லை என்று தவிப்பவர்களில் பலர் இதை முன்கூட்டியே கேட்காதவர்கள்தாம்.

நேரம் குறிப்பதற்கு உங்கள் தொழிலே வழி காட்டுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கொள்முதல் குறைந்திருக்கும். சர்வரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலும் பெரிய நட்டம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பதிப்பு உயர்வு பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் சர்வர் மீண்டும் எழாமலே போகலாம். யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முந்தைய நாளே சோதித்துப் பாருங்கள். முழு பேக்கப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிட்டு, வேறொரு கணினியில் அதை மீட்டெடுத்து, ஒரு மாதக் கணக்கைத் திறந்து கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய சர்வர் ஒன்றைப் பாதுகாப்புச் சோதனைக் கருவியால் ஆராய்ந்தேன். அதில் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 9.2 பதிப்பு இருப்பதாகவும், 2024-இல் தெரியவந்த 'ரெக்ரெஎஸ்எஸ்எச்' என்ற குறை 9.8-இல்தான் சரிசெய்யப்பட்டது என்பதால் சர்வர் ஆபத்தில் இருப்பதாகவும் கருவி எச்சரிக்கிறது. எல்லா அப்டேட்டுகளையும் போட்டிருக்கிறேன். எதை நம்புவது?
— பொறியியல் மாணவர், கீழக்கரை

பதில்: தம்பி, பதிப்பு எண்ணை 9.2 என்பதோடு நிறுத்தாமல் கடைசி எழுத்து வரை படித்துப் பாருங்கள். முழு எண் '9.2பி1-2+டெப்12யு3' என்றோ, இறுதியில் அதைவிடப் பெரிய இலக்கத்துடனோ இருந்தால் அந்தக் குறை உங்கள் சர்வரில் அடைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். '9.2பி1' என்பது மூல ஆசிரியர்கள் கொடுத்த எண். அதன் பின்னால் வரும் 'டெப்12யு3' என்ற வால், டெபியன் 12-க்காக டெபியன்காரர்கள் அதன் மேல் செய்த திருத்தத்தைக் குறிக்கிறது. உங்கள் கருவி வாலைப் படிக்காமல் தலையை மட்டும் படித்திருக்கிறது.

நீண்டகால ஆதரவின் உள்வேலை இந்த வாலில்தான் இருக்கிறது. புதிய பதிப்பை அப்படியே கொண்டுவந்து போட்டால் அதனுடன் புதிய வசதிகளும், மாறிய அமைப்புகளும், புதிய பிழைகளும் சேர்ந்தே வரும். நேற்று வரை ஓடிய வேலை நின்றுபோகும். எனவே பராமரிப்பவர்கள் புதிய பதிப்பிலிருந்து பாதுகாப்புக்குரிய அந்தச் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்புக்குள் பொருத்துகிறார்கள். உங்கள் ஊர்க் கரையில் வல்லத்துக்குப் பலகை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்: உளுத்த பலகையை மட்டும் கழற்றுவார்கள் என்றாலும், புதிய பலகையைப் பழைய வளைவுக்கு இழைத்துத்தான் பொருத்த முடியும். அதைப் போலவே, புதிய பதிப்புக்காக எழுதிய திருத்தம் பழைய நிரலில் நேராக அமர்வது அரிது. சுற்றியுள்ள வரிகள் மாறியிருக்கும். திருத்தம் அழைக்கும் செயற்கூறு பழைய பதிப்பில் இல்லாமலும் இருக்கலாம். திருத்தத்தின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு மீண்டும் எழுதி, பழைய வேலைகள் எதுவும் கெடவில்லை என்று சோதித்து வெளியிட வேண்டும். புதிதாக எழுதுவதைவிட அலுப்பும் பொறுப்பும் மிகுந்த உழைப்பு இது.

நீங்கள் குறிப்பிட்ட குறையின் வரலாறு உங்கள் திட்ட அறிக்கைக்கு நன்கு பயன்படும். இதே பிழை 2006-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. 2020 அக்டோபரில் நடந்த ஒரு மாற்றத்தில் அந்தத் தடுப்பு தவறுதலாக நீக்கப்பட்டு, 8.5 பதிப்பின் வழியாக உலகெங்கும் பரவியது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 ஜூலை 1 அன்று அதை வெளிப்படுத்தினார்கள். 8.4-ஐக் கொண்ட டெபியன் 11-ஐயும், 8.2-ஐக் கொண்ட உபுண்டு 20.04-ஐயும் அது தொடவே இல்லை. அதே 2024-இன் மார்ச் மாதத்தில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட கள்ளவழியும் 5.6.0, 5.6.1 என்ற மிகப் புதிய பதிப்புகளில்தான் இருந்தது; டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டுவதற்குள் பிடிபட்டுவிட்டது. ஆகவே புதியது என்பதனாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. அதற்காகப் பழையதே கவசம் என்றும் எழுதிவிடாதீர்கள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் தப்பியவை பராமரிப்பில் இருந்த பழைய பதிப்புகள் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு, கடற்பாசியில் செய்த பொருள்களை விற்க ஒரு வலைத்தளம் நடத்துகிறது. அதில் வலைத்தளங்களை இயக்கும் நிரல் மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பு இருப்பதால் காலாவதியாகிவிட்டது என்று ஒருவரும், கவலை வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.
— குழுத் தலைவி, பாம்பன்

பதில்: அம்மா, அந்த 7.4 எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இருவரில் ஒருவர் சொல்வது சரி. பிஎச்பியை உருவாக்குபவர்கள் 7.4-க்கான ஆதரவை 2022 நவம்பர் 28 அன்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் டெபியன் 11-உடன் வந்ததும் இதே 7.4-தான், அதற்கு டெபியனின் நீண்டகால ஆதரவுக் குழு 2026 ஆகஸ்ட் 31 வரை திருத்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் தளம் இருக்கும் சர்வரில் என்ன இயங்குதளம், பிஎச்பி அதிலிருந்தே நிறுவப்பட்டதா அல்லது தனியாகத் தொகுத்துப் போடப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வரவில்லை என்றால், 8-ஆம் வரிசையில் இன்னும் ஆதரவில் உள்ள பதிப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் செலுத்தும் பக்கம் உள்ள தளத்தில் இதைத் தள்ளிப்போடுவது சரியாக இருக்காது.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய நில ஆவணங்களைத் தட்டச்சு செய்து வருகிறேன். மா, காணி, முந்திரி ஆகிய பின்னங்களின் குறிகளும், உப்பளத்தைக் குறிக்கும் குறியும் மகனின் கணினியில் தெரிகின்றன. என்னுடைய லினக்ஸ் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. 2018-இல் நிறுவிய நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. தவறாமல் அப்டேட் செய்கிறேன். பிறகு ஏன் தெரியவில்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரியபட்டினம்

பதில்: ஐயா, நீங்கள் எடுத்திருக்கும் பணி மிக நல்ல பணி, பாதியில் விட்டுவிடாதீர்கள். பின்னங்கள், நெல் அளவுகள், நாணயங்கள், நன்செய், புன்செய், உப்பளம் போன்றவற்றின் பழந்தமிழ்க் குறிகள் 51, தமிழ்க் கூடுதல் தொகுதி என்ற பெயரில் எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் உலகத் தரமான யூனிகோடின் 2019 மார்ச்சில் வெளிவந்த 12.0 பதிப்பில்தான் இடம்பெற்றன. உங்கள் இயங்குதளம் அதற்கு முந்தையது. நீண்டகால ஆதரவு என்பதற்குப் பாதுகாப்பு ஓட்டைகளையும் பெரும் பழுதுகளையும் சரிசெய்வது என்றுதான் பொருள். புதிய எழுத்துகளும் புதிய எழுத்துருக்களும் புதிய வசதிகளும் அந்த வாக்குறுதிக்குள் வருவதில்லை. இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல், அப்டேட் வருகிறதே, எழுத்துப் பிழை மட்டும் ஏன் சரியாகவில்லை என்று மனம் நொந்துபோகிறார்கள். தமிழ் எழுத்துத் தோற்றத்தில் உள்ள கோளாறுகளுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். திருத்தம் அடுத்த பதிப்பில் வந்திருக்கும், நம் கையில் இருக்கும் பதிப்புக்கு இறங்கி வராது.

உங்கள் தேவைக்கு இயங்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை. நோட்டோ வரிசையில் 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கோப்பைத் தரவிறக்கி, உங்கள் கணக்கின் எழுத்துருக் கோப்புறையில் வைத்துவிட்டு லிப்ரேஆபிஸை மூடித் திறந்தால் கட்டங்கள் இருந்த இடத்தில் குறிகள் தெரியத் தொடங்கும். ஆவணத்தைப் பிறருக்கு அனுப்பும்போது, அவர்களிடமும் இந்த எழுத்துரு இருக்காது என்று எண்ணி, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎப் கோப்பாக அனுப்புங்கள். அதோடு, 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதால், மேலே மண்டபம் வாசகருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொன்னதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ள கணினிகள் மிகப் பழையவை, 32 பிட் என்கிறார்கள். புதியவை வாங்க நிதி இல்லை. எந்த லினக்ஸ் போடலாம்?
— கணினி ஆசிரியை, தொண்டி

பதில்: முதலில் அவை உண்மையாகவே 32 பிட்தானா என்று பாருங்கள். பழைய விண்டோஸ் 32 பிட்டாக நிறுவப்பட்டிருந்ததாலேயே கணினியையும் 32 பிட் என்று நினைத்துவிடுகிறோம். ஏதாவது ஒரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து தொடங்கி 'எல்எஸ்சிபியு' கட்டளையை இட்டால், செயலி எந்தெந்த முறைகளில் இயங்கும் என்பது ஒரு வரியில் வரும். அதில் 64 இருந்தால் டெபியன் 13-ஐயே எளிய எல்எக்ஸ்கியூடி மேசைத்தளத்துடன் போடலாம்.

வெறும் 32 பிட் என்றால் டெபியன் 12 உங்களுக்கு ஏற்றது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அத்தகைய கணினிகளுக்கான நிறுவியும், இயங்குதளத்தின் உட்கருவான கருனியும் இல்லை. டெபியன் 12-இன் நீண்டகால ஆதரவுக்கு 2028 ஜூன் 30 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேதியை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தப்போவது பயர்பாக்ஸ் உலாவியைத்தான். அதன் 32 பிட் லினக்ஸ் ஆதரவை 144-ஆம் பதிப்புடன் நிறுத்துவதாக மொசில்லா அறிவித்துவிட்டது. நீட்டித்த ஆதரவு கொண்ட 140-ஆம் பதிப்புக்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்தக் கணினிகளை இணையத்திலிருந்து பிரித்து, தட்டச்சுக்கும் நிரல் எழுதிப் பழகுவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்த மென்பொருளை ஐந்தாண்டு, பத்தாண்டு என்று யார் இலவசமாகப் பராமரிக்கிறார்கள்? ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டால் நாம் யாரைக் கேட்பது?
— விடுதி மேலாளர், இராமேசுவரம்

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கேள்வி இதுதான். மென்பொருள் இலவசம் என்றாலும் அதைப் பராமரிக்கும் உழைப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் பணமாகவோ தம் மாலைப் பொழுதாகவோ அதற்கு விலை கொடுக்கிறார்.

டெபியனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிப்பையும் முதல் 3 ஆண்டுகள் அதன் பாதுகாப்புக் குழு கவனிக்கிறது. அடுத்த 2 ஆண்டுகளை, 2014-இல் டெபியன் 6-உடன் தொடங்கிய தனி நீண்டகால ஆதரவுக் குழு ஏற்கிறது. பழைய பதிப்புகளில் திருத்தம் பொருத்தும் அலுப்பான வேலைக்குத் தன்னார்வலர்கள் போதுமான அளவில் கிடைக்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, பிரெக்சியன் என்ற நிறுவனத்தின் வழியாகப் பல நிறுவனங்களிடம் நிதி திரட்டி, வேலை செய்த மணிக்கணக்குக்கு ஊதியம் கொடுக்கிறார்கள். பயன்படுத்துபவர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வாக்குறுதி மாறிப்போன நிகழ்ச்சியும் உண்டு. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியவர்களிடம், அது 2021 டிசம்பர் 31-உடன் முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு அவகாசம்தான். ஆனாலும் மூலநிரல் திறந்திருந்ததால், அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் 2021-க்குள்ளேயே எழுந்தன. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் பயனர்களுக்கு அந்த வழி இருந்திருக்காது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதையே பதிலாகச் சொல்வேன்: கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகலாம், எடுத்துச் செய்வதற்கான உரிமை எப்போதும் நம்மிடம் இருக்கிறது.

லினக்ஸ் கருனியின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு 6 ஆண்டுகள் வரை ஆதரவு தரும் வழக்கம் 2017-இல் தொடங்கியது. பழைய கருனிகளைப் பயன்படுத்துபவர்கள் குறைவு, பராமரிப்பவர்களோ களைத்துப்போகிறார்கள் என்பதால், இனி 2 ஆண்டுகளுக்குத் திரும்புவதாக 2023-இல் தெரிவிக்கப்பட்டது. மின் நிலையங்கள், இரயில்வே கருவிகள் போன்றவற்றுக்காகச் சில நிறுவனங்கள் கூடி, தேர்ந்தெடுத்த சில கருனிகளைப் பத்து ஆண்டுகளுக்குத் தாங்களே பராமரித்துக்கொள்கின்றன. நீண்ட காலம் வேண்டுமென்றால் அதற்கான உழைப்பை நாமே ஏற்க வேண்டும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

மேலே குறிப்பிட்ட எக்ஸ்இசட் நிகழ்ச்சியில், உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒரே மனிதர் பராமரித்து வந்தார். உடலும் மனமும் சோர்ந்திருப்பதாக அவர் வெளிப்படையாக எழுதிய பிறகும், ஏன் தாமதம் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். உதவ வந்தவர்போல் நெருங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு முகம் தெரியாத நபர்தான் கள்ளவழியைப் புகுத்தினார். ஊதியமில்லாமல் தனி ஆளாக உழைப்பவரிடம் கோபத்தோடு கடிதம் எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கும்படி ஒவ்வொரு வாசகரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விடுதி வருமானம் எந்த மென்பொருளை நம்பியிருக்கிறதோ, அதன் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை இயன்ற தொகையை அனுப்புங்கள். முடியாவிட்டால், திருத்தம் வந்ததும் போட்டுப் பார்த்து, ஏதாவது உடைந்தால் என்ன செய்தபோது உடைந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். அவர்களுக்கு அதுவும் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பிரவுசிங் சென்டரில் டெபியன், உபுண்டு இரண்டும் இருக்கின்றன. எந்தக் கணினிக்கு எதுவரை ஆதரவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: இயங்குதளத்துக்கு ஆதரவு இருப்பதாலேயே அதில் உள்ள எல்லா மென்பொருள்களுக்கும் ஆதரவு இருப்பதாகக் கொள்ள முடியாது. உபுண்டுவின் 5 ஆண்டு வாக்குறுதி 'மெயின்' என்ற தொகுப்புக்கு மட்டுமே. 'யுனிவர்ஸ்' தொகுப்பில் உள்ள ஆயிரக்கணக்கானவற்றுக்கு ப்ரோ சந்தா இருந்தால்தான் உறுதியான திருத்தம் வரும். உபுண்டு கணினிகளில் 'ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை, நிறுவியவற்றில் எத்தனைக்கு ஆதரவு உண்டு, எத்தனைக்கு இல்லை என்று பிரித்துக் காட்டும். டெபியனில் 'டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட்' என்ற தொகுப்பை நிறுவினால், ஆதரவு முடிந்தவற்றையும் குறைக்கப்பட்டவற்றையும் அதுவே எச்சரிக்கும். இரண்டிலும் ஆதரவு முடியும் தேதியை ஒவ்வொரு கணினியின் பெட்டி மேலும் மார்க்கரால் எழுதி வையுங்கள்; உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.